மெரினா பே படத்துல தெரியாத வாசல்

ஞாயிற்றுக்கிழமை நம்ம ஐடி விங் இணையவழிக் கூட்டத்துல நான் பேசினதை எழுத்துல போடச் சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பேசினதை லேசா திருத்தி இங்கே தர்றேன்.

மூணு கோபுரம், அதுக்கு மேல ஒரு கப்பலைத் தூக்கி வச்ச மாதிரி தளம், அதுல நீச்சல் குளம். சிங்கப்பூர் மெரினா பே சாண்ட்ஸ். இந்தப் படம் வராத வாட்ஸ்அப் குரூப் கிடையாது. கீழே ஒரு வரி கண்டிப்பா இருக்கும்: "நம்ம ஊரு எப்போ இப்படி ஆகும்?" நானும் காலேஜ்ல படிக்கும்போது ஸ்டேட்டஸ் வச்சவன்தான். அந்த மேல்தளம் கடைசிக் கோபுரத்தைத் தாண்டி 66 மீட்டருக்கு மேல அந்தரத்துல நீட்டிக்கிட்டு நிக்குது. இன்ஜினியரிங் படிச்சவனுக்கு அதைப் பார்த்தா இப்பவும் வாய் பிளக்கும். சொல்றதுல வெட்கமில்லை.

ஆனா அந்தக் கட்டடத்தை எழுப்பினது லாஸ் வேகாஸ் சாண்ட்ஸ் என்கிற அமெரிக்க சூதாட்ட நிறுவனம். கொட்டின பணம் 500 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல. ஹோட்டல், மாநாட்டு அரங்கு, அருங்காட்சியகம், கடைகள் எல்லாம் இருக்கு. மொத்தப் பரப்புல கேசினோ ஒரு சின்னத் துண்டுதான். ஆனா வருமானத்துல பெரும்பங்கு அந்தத் துண்டுல இருந்துதான் வருது.

இதுக்கு சிங்கப்பூர்க்காரங்க சும்மா தலையாட்டிடலை. 2004-ல அப்போதைய வர்த்தக அமைச்சர் ஜார்ஜ் இயோ பேச்சை எடுத்ததுமே எதிர்ப்பு கிளம்பிடுச்சு. பள்ளிவாசல், சர்ச், குடும்ப அமைப்புகள், எல்லாரும் வேண்டாம்னாங்க. பல்லாயிரம் பேர் மனுவுல கையெழுத்துப் போட்டாங்க. அமைச்சரவையே ரெண்டா பிரிஞ்சிருந்தது. பல வருஷம் கேசினோவே கூடாதுன்னு நின்ன லீ குவான் யூகூட கடைசியில ஒத்துக்கிட்டார். 2005 ஏப்ரல் 18-ம் தேதி பிரதமர் லீ சியன் லூங் நாடாளுமன்றத்துல முடிவை அறிவிச்சார். சுற்றுலா வேணும், வேலை வேணும், பக்கத்து நகரங்கள் முந்திடும் என்பது அரசு வாதம். 2010-ல செந்தோசாவுல ஒண்ணு, மெரினா பேயில ஒண்ணு, ரெண்டு கேசினோவும் திறந்தாச்சு.

இப்ப நம்ம ஆளுங்க மனசுல ஏத்திக்க வேண்டிய இடத்துக்கு வர்றேன்.

அனுமதி கொடுத்த அதே அரசு, தன் சொந்த மக்களுக்கு வாசல்லயே ஒரு கட்டணம் வச்சுது. சிங்கப்பூர் குடிமகனோ நிரந்தரவாசியோ உள்ளே போகணும்னா 24 மணி நேரத்துக்கு 100 வெள்ளி. 2019 ஏப்ரல்ல அது 150 வெள்ளி ஆச்சு. வருஷத்துக்கு மொத்தமா கட்டினா 3,000. ரெண்டு கேசினோ வளாகத்தையும் 900 கோடி வெள்ளியில விரிவாக்கலாம்னு அறிவிச்ச கையோடதான் இந்தக் கட்டண உயர்வும் வந்தது. 21 வயசு ஆகாதவங்களுக்கு அனுமதி இல்லை. அரசு உதவித்தொகையில வாழ்றவங்களுக்கும் திவாலானவங்களுக்கும் தானாவே தடை. மனைவி, பிள்ளைங்க கேட்டும் ஒருத்தருக்குத் தடை வாங்கலாம். 2010-ல கேசினோக்கள் குடியிருப்புப் பகுதிகளுக்கு இலவச பஸ் விட்டப்போ, நிறுத்துன்னு சொல்லி நிறுத்தினாங்க.

நல்ல சரக்குன்னா சொந்தப் பிள்ளைக்கு எதுக்குய்யா இத்தனை பூட்டு?

எதிர்த்தரப்பு என்ன சொல்லும்னும் தெரிஞ்சுக்கோங்க, கமென்ட்ல மாட்டிக்காதீங்க. "சூதாட்டப் பிரச்சினை உள்ளவங்க 2005-ல 4.1 சதவீதம், 2014-ல 0.7 சதவீதம், குறைஞ்சுதானே போச்சு" என்பாங்க. அந்தக் கணக்கு உண்மை. மறுக்காதீங்க. அடுத்து இதைக் கேளுங்க: அந்தக் கணக்கெடுப்பு யாரைப் பத்தினது? குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும்தான். ஒர்க் பர்மிட்ல போன புதுக்கோட்டைக்காரரும் மன்னார்குடிக்காரரும் அதுல கிடையாது. அவங்க கணக்குல இல்லை. வாசல் கட்டணமும் அவங்களுக்கு இல்லை. பாஸ்போர்ட்டைக் காட்டினா உள்ளே விட்டுடுவாங்க, இலவசமா.

எங்க ஊர் அண்ணன் ஒருத்தர் அங்கே கட்டட வேலையில பத்து வருஷத்துக்கு மேல இருக்கார். போன பொங்கலுக்கு வந்தப்போ இதைக் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை தேக்காவுக்குப் போவோம், சாமான் வாங்குவோம். ரூம்ல நாலு பேர் 'வாடா, ஏசி இருக்கு, சும்மா பார்த்துட்டு வரலாம்'னு கூப்பிடுவான். நான் ரெண்டு தடவை போனேன். ரெண்டாவது தடவை அந்த மாசம் வீட்டுக்கு அனுப்பலைடா தம்பி"ன்னார். அப்புறம் கம்பெனியில கேசினோ தடைப் படிவத்துல கையெழுத்துக் கேட்டாங்களாம். மத்தவங்க முணுமுணுத்தாங்க. இவர் முதல் ஆளா போட்டுட்டார். அண்ணிக்கு இன்னும் அந்த மாசக் கதை தெரியாது. அவர் பேரை நான் எழுதாததுக்கு அதுதான் காரணம்.

"கேசினோ வந்துதான் சிங்கப்பூர் முன்னேறுச்சு" என்பதும் ஒரு பெரிய உருட்டு. மெரினா பே நிலமே கடலை நிரப்பி எடுத்தது. அந்த வேலை 1970-களிலேயே தொடங்கிடுச்சு. 2008-ல தடுப்பணை கட்டி அந்த விரிகுடாவையே நன்னீர்த் தேக்கமா மாத்தினாங்க. துறைமுகம், சாங்கி விமான நிலையம், அடுக்குமாடி அரசு வீடுகள் எல்லாம் கேசினோவுக்கு ரொம்ப முன்னாடி வந்தவை. நகர மையத்தை முப்பது வருஷம் திட்டம் போட்டு உருவாக்கினது அரசு. சூதாட்டக்காரன் கடைசியில வந்து மேல கப்பலை வச்சான், போட்டோவுல அவன்தான் நிக்கிறான். இப்ப நாலாவது கோபுரத்துக்கும் 2025 ஜூலையில பூமி பூஜை மாதிரி ஒண்ணு போட்டாச்சு.

அதனால அந்தப் படத்தைப் பகிரும்போது வாசல் கட்டண விவரத்தையும் சேர்த்துப் போடுங்க. இன்னொண்ணு, உங்க அண்ணனோ சித்தப்பாவோ மச்சானோ அங்கே வேலையில இருந்தா இதைச் சொல்லுங்க: வெளிநாட்டுத் தொழிலாளியும் தனக்குத்தானே கேசினோ தடை கேட்டு விண்ணப்பிக்கலாம். சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தோட இணையதளத்துலயே படிவம் இருக்கு. யாருக்கு அனுப்பணுமோ, குரூப்ல போடாம தனியா அனுப்புங்க.