போகிறவளுக்கும் துணை, வீட்டுக்கும் துணை

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வெளியூர்ப் பயிற்சிக்குப் பேர் கொடுங்கன்னு ஒவ்வொரு குழுவிலும் நாங்கள் கேட்கிறோம். மூணு நாள் தங்கிப் படிக்கணும்னு சொன்னதும் கூட்டம் அமைதியாயிடுது. "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே", "தெரியாத ஊர்ல தனியா எப்படி இருக்கிறது", "வீட்டை யார் பார்ப்பாங்க" என்ற மூணு பதில்தான் திரும்பத் திரும்ப வருது. மூணும் நியாயமான பதில்தான். இதே மூணு கவலையோட கடல் தாண்டிப் போய், ஆறு மாசம் தங்கிப் படிச்ச பெண்கள் இருக்காங்க. அவங்களைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசப் போகிறோம்.

அவங்க வந்து படிச்ச வெளிநாடு எது தெரியுமா? நம்ம இந்தியாதான். ராஜஸ்தான் மாநிலம் அஜ்மீர் மாவட்டத்தில் திலோனியா என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு பங்கர் ராய் என்பவர் அங்கே ஒரு சமூகப்பணி மையத்தைத் தொடங்கினார். 'பேர்ஃபுட் காலேஜ்', அதாவது வெறுங்கால் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, அரபு நாடுகள் என்று பல இடங்களிலிருந்து, கரண்ட் இல்லாத கிராமத்துப் பெண்கள் அங்கே வந்து சோலார் விளக்கு செய்யவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டார்கள். 2008 முதல் இந்திய அரசின் வெளியுறவு அமைச்சகம் அவர்களுடைய பயணச் செலவையும் பயிற்சிச் செலவையும் ஏற்றுக்கொண்டது.

வந்தவர்களில் பலர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். பள்ளிக்கூடமே போகாதவர்களும் நிறைய. பாட்டிமாரை ஏன் தேடித் தேடிச் சேர்த்தார்கள்? ஆண்களுக்கும் இளவட்டத்துக்கும் பயிற்சி கொடுத்தால் சான்றிதழை வாங்கிக்கொண்டு டவுனுக்கு வேலை தேடிப் போய்விடுகிறார்கள், பாட்டி ஊரைவிட்டு எங்கேயும் போகமாட்டார் என்று பங்கர் ராய் பல கூட்டங்களில் விளக்கியிருக்கிறார். நம்மகிட்ட குறைன்னு நினைக்கிற வயசும் ஊர்ப்பற்றும் அங்கே தகுதியாயிடுச்சு பாருங்க.

சரி, எழுதப் படிக்கத் தெரியாமல் எப்படிப் படிச்சாங்க? புத்தகத்தை வைத்து அல்ல. கலர், சைகை, கைவேலை, இந்த மூன்றையும் வைத்துத்தான். ரெசிஸ்டர் என்ற சின்ன உதிரிபாகத்தின் மேலே வளையம் வளையமாகக் கலர் இருக்கும். எந்தக் கலருக்குப் பக்கத்தில் எந்தக் கலர், அதை போர்டில் எங்கே வைக்கணும் என்று கண்ணால் பார்த்துப் பழகினார்கள். ஈயத்தை உருக்கி சால்டரிங் வைக்கிறதைக் கையால் செய்து செய்து படிந்துகொண்டார்கள். சொல்லிக்கொடுத்த ஆசிரியைகளிலும் பெரிய படிப்பு படிக்காத கிராமத்துப் பெண்கள் இருந்தார்கள்.

அந்த வகுப்பில் ஒருத்தர் பேசுவது அரபி, இன்னொருத்தர் ஸ்பானிஷ், இன்னொருத்தர் ஆப்பிரிக்க மொழி. சொல்லிக்கொடுக்கிறவங்க பேசுவது இந்தி. ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குப் புரியாது. சாப்பாடும் புதுசு, வெயிலும் புதுசு. அப்படி இருந்தும் ஒரே இடத்தில் தங்கி, ஒரே மேசையில் உட்கார்ந்து ஆறு மாசம் வேலை பழகினார்கள். பேச்சு புரியாத இடத்தில் பக்கத்தில் இருக்கிறவ கைதானே பாடம்? அவ வைத்த கம்பியைப் பார்த்து இவ வைப்பா. இவ போர்டில் விளக்கு எரிந்தால் அவ கைதட்டுவா. சிநேகிதத்துக்குப் பாஷை முக்கியம் இல்லை. நமக்கும் இது தெரிஞ்சதுதான். கையெழுத்துப் போடப் பழகினப்ப நம்மில் எத்தனை பேருக்குப் பக்கத்தில் இருந்த அக்காதான் விரலைப் பிடிச்சு எழுத வெச்சாங்க!

இனி வீட்டுக் கவலைக்கு வருவோம். 2012-இல் 'சோலார் மாமாஸ்' என்று ஒரு ஆவணப்படம் வந்தது. ஜோர்டான் நாட்டுப் பாலைவனக் கிராமத்திலிருந்து திலோனியா வந்த ஒரு பெண்ணின் கதை அது. அவருக்கு நாலு பெண் பிள்ளைகள். பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே, திரும்பி வராவிட்டால் பிள்ளைகளை எடுத்துக்கொள்வேன் என்று கணவர் மிரட்டினார். அவர் ஊருக்குத் திரும்பினார். ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. மறுபடியும் இந்தியா வந்து பயிற்சியை முடித்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. அந்தப் பெண்ணைப் பாதியில் திருப்பியது பாடம் அல்ல, பாஷை அல்ல. வீடுதான் திருப்பியது. போன இடத்தில் எத்தனை சிநேகிதி கிடைத்தாலும், புறப்பட்ட ஊரிலும் அவளுக்குத் துணை வேணும்.

திலோனியாவில் படித்தவர்களை ஊரே சேர்ந்துதான் அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு இருந்தது. ஊரில் ஒரு குழு அமைப்பார்கள். மண்ணெண்ணெய்க்கும் மெழுகுவத்திக்கும் டார்ச் பேட்டரிக்கும் செலவழித்த அளவுக்கு ஒவ்வொரு குடும்பமும் மாசாமாசம் பணம் கட்டும். அதிலிருந்து, படித்து வந்த பெண்ணுக்குச் சம்பளம் கொடுப்பார்கள். ஒருத்தி படித்துவிட்டு வந்தால் அது ஊருக்கே வெளிச்சம் என்று கணக்குப் போட்டார்கள்.

நம்ம குழுவிலும் இதைச் செய்யலாம் இல்லீங்களா? பேர் கொடுக்கிற உறுப்பினரைத் தனியாக விடாதீங்க. மூணு தீர்மானம் எழுதுங்க.

முதலாவது, பயிற்சிக்கு ஒரு குழுவிலிருந்து ஒருத்தரை மட்டும் அனுப்பாமல் இரண்டு பேராக அனுப்புவது. பஸ்ஸில் ஏறும்போதே பாதி பயம் போயிடும்.

இரண்டாவது, போகிறவர் வீட்டு வேலையைக் குழு பிரித்துக்கொள்வது. பாலை சொசைட்டிக்கு யார் ஊற்றுவது, ஆட்டை யார் ஓட்டுவது, பிள்ளைகளுக்கு ராத்திரிச் சாப்பாடு யார் வீட்டில் என்று பேர் சொல்லி தீர்மான நோட்டில் எழுதணும். வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் ஊக்குநரும் பிரதிநிதியும் நேரில் போய்ப் பேசணும்.

மூன்றாவது, திரும்பி வந்தவர் கற்றதைச் சொல்ல அடுத்த வாரக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கணும். நாலு இடம் பார்த்துவிட்டு வந்தவளிடம் பேச்சு மாறும், நிமிர்ந்து உட்காருவா, கேள்வி கேட்பா. "பெரிய இவளாயிட்டா" என்று நாமே சொன்னால், வெளியே கிடைத்த தைரியம் வீட்டு வாசலிலேயே செத்துப்போகும். அவ வளர்ந்தா நம்ம சிநேகிதம் குறையாது, குழுவுக்கு ஒரு கை கூடும்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் பயிற்சிக்குப் பேர் எழுதுகிற நோட்டு உங்களிடம் வரும். அதில் இரண்டு கட்டம் போட்டிருக்கிறோம். ஒன்றில் போகிறவர் பேர். இன்னொன்றில் அவர் வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் பேர். இரண்டையும் சேர்த்தே எழுதிக் கொடுங்க.