காணி உறுதியும் கணிதக் கொப்பியும்



ஒரு கணித ஆசிரியரின் நினைவுப் பேருரைக்கு என்னை அழைத்தவர்கள் தலைப்பையும் தாங்களே தந்துவிட்டார்கள்: பாடசாலைக் கணிதத்துக்கான கற்பித்தல் வளங்களும் தொழில் வழிகாட்டலும். இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டிய தலைப்பு என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். சேவைக்கால ஆசிரிய ஆலோசகராகப் பாடசாலை பாடசாலையாக ஏறி இறங்கியவன் என்ற முறையில் இரண்டையும் ஒன்றாகவே பேச விரும்புகிறேன். தரம் 8 இல் ஒரு பிள்ளையின் மேசையில் எந்தக் கணக்கை வைக்கிறோமோ, அதுவே அவளுக்கு நாம் கொடுக்கும் முதல் தொழில் ஆலோசனை.

வளம் இல்லை என்ற முறைப்பாட்டை முதலில் முடித்துவிடுகிறேன். 1980 முதல் இலவசப் பாடநூல் கிடைக்கிறது. தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகள் உண்டு. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் உண்டு. ஒரு முக்கோணியின் உச்சியைப் பிடித்து இழுத்தால் கோணங்கள் எப்படி மாறுகின்றன என்று கண்முன்னே காட்டும் ஜியோஜெப்ரா மென்பொருள் உலகம் முழுவதும் இலவசம். பழைய தமிழ்ப் பாடநூல்களை நூலகம் நிறுவனத்தின் இணையச் சேகரிப்பில் தேடிப் படிக்கலாம். 1990களில் யுத்தத்தால் இங்கே மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் ஒரு திரியை விட்டு அந்த வெளிச்சத்தில் வகையீடு படித்த தலைமுறை இந்த மண்டபத்திலேயே இருக்கிறது. அவர்களிடம் போய் வளப் பற்றாக்குறை பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

இன்று நம்மிடம் மிதமிஞ்சி இருக்கும் வளம் கடந்தகால வினாத்தாள். சாதாரண தரக் கணிதத்தின் முதற் பத்திரத்தில் 25 குறுவினாக்கள், பிறகு ஐந்து பெரிய வினாக்கள். இந்த அமைப்பு தரம் 11 பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் தரம் 9 இலேயே, சில இடங்களில் அதற்கும் முன்பே, கணிதம் என்றால் வினாத்தாள் செய்வது என்றாகிவிட்டது. இந்த வினாவுக்கு இந்தப் படி, அந்தப் படிக்கு இத்தனை புள்ளி. பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால் படிகளைப் பிடித்துக்கொள்கிறது. இல்லாவிட்டால் ‘எனக்குக் கணக்கு வராது’ என்று பதின்மூன்று வயதில் தீர்ப்பெழுதிக்கொண்டு பின்வாங்கில் போய் அமர்ந்துவிடுகிறது. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

இனி என் கைப்பையில் எப்போதும் இருந்த ஒரு வளத்தைக் காட்டுகிறேன். பழைய காணி உறுதி ஒன்றின் பிரதி. பெயர்களையும் எல்லைகளையும் கறுப்பு மையால் அழித்துவிட்டேன், கணக்கை மட்டும் விட்டிருக்கிறேன். ‘மூன்று பரப்பு ஒன்பது குழி.’ யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் இப்படி ஒரு வரி இருக்கும். தரம் 8 வகுப்பில் இதைக் கொடுத்து, மூன்று பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகச் சமமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். தோட்டக்காணியில் ஒரு பரப்புக்கு 18 குழி. ஆகவே மொத்தம் 63 குழி. ஆளுக்கு 21 குழி, அதாவது ஒரு பரப்பு மூன்று குழி. இதுவரை சங்கடமில்லை. பிறகு ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "சேர், எங்கட வீட்டில பேர்ச்சஸ் எண்டெல்லோ சொல்லுறவை?"

அங்கேதான் பாடம் தொடங்குகிறது. தோட்டக்காணி 16 பரப்பு ஒரு ஏக்கர். ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். அப்படியானால் பரப்புக்குப் பத்து, இந்தக் காணி 35 பேர்ச்சஸ். சரி, வயலில் எத்தனை பரப்பு ஒரு ஏக்கர்? 24. இதைக் கேட்டதும் வகுப்பு குழம்பும். ஒரே பெயர், இரண்டு அளவா? ஏனென்றால் பரப்பு விதைப்பை வைத்துப் பிறந்த அலகு. வரகு விதைக்கும் நிலத்துக்கு ஒன்று, நெல் விதைக்கும் நிலத்துக்கு வேறொன்று. ஆனால் வயற்பரப்புக்கு 12 குழிதான். பதினாறைப் பதினெட்டால் பெருக்குங்கள்: 288. இருபத்துநான்கைப் பன்னிரண்டால் பெருக்குங்கள்: அதே 288. பரப்பு மாறினாலும் குழி மாறவில்லை. இந்த இடத்தில் பின்வாங்கிலிருந்து ஒரு குரல் ‘ஆ’ என்று கேட்கும். அந்தக் குரலுக்காகத்தான் நாம் சம்பளம் வாங்குகிறோம்.

இன்னும் போகலாம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. 288 ஆல் வகுத்தால் ஒரு குழி 151.25 சதுர அடி. ஒரு குழியைச் சதுரமாக நிலத்தில் கீறினால் பக்கம் எவ்வளவு? பன்னிரண்டரை அடிக்குச் சற்றுக் குறைவு. வர்க்கமூலம் படிக்கும் பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிப்போய் அதைக் கயிற்றால் கட்டச் சொல்லலாம். மூலைமட்டம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று யாராவது கேட்பார்கள். கயிற்றில் மூன்று, நான்கு, ஐந்து முழம் அளந்து முக்கோணியாக இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அத்திவாரம் வெட்டும் ஒவ்வொரு மேசனும் செய்கிற காரியம் அது. பைதகரசின் பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும். அதே உறுதியில் அடுத்த வரி ‘கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் ஆறில் ஒரு பங்கு’ என்று வரும். பின்னம் என்பது பாண் துண்டு என்று மட்டும் படித்த பிள்ளைக்கு, ஒரு கிணற்றின் ஆறிலொன்றை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி புதிது. அதைத் தண்ணீர் இறைக்கும் முறைநாளாகப் பிரித்தார்கள் என்று பாட்டனார் சொல்லுவார். பாட்டனாரும் ஒரு வளம்தான், ஆனால் அவரைக் கணித ஆய்வுகூடப் பட்டியலில் சேர்க்க எந்தச் சுற்றுநிருபமும் வந்ததில்லை.

அடுத்தது பஞ்சாங்கம். சோதிடத்துக்காகச் சொல்லவில்லை. நாள் ஒன்றுக்கு 60 நாழிகை, நாழிகை ஒன்று 24 நிமிடம். விகிதம் படிக்கும் தரம் 6 க்கு அதுவே போதும். உயர்தரப் பிள்ளைக்கு இன்னும் சுவையான ஒன்று இருக்கிறது. நம் வீடுகளில் வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என்று இரண்டு வந்து, திதியில் முரண்பட்டு, எந்த நாளில் விரதம் என்று வீட்டில் சண்டை மூட்டிவிடும். அந்த வாக்கியம் என்ன? சந்திரன் வேகமாகவும் மெதுவாகவும் ஓடி மறுபடி அதே வேகத்துக்கு வர ஏறத்தாழ 27.5546 நாள் எடுக்கிறது. முழு நாள் இல்லாததால் அட்டவணை போட முடியாது. ஒன்பதால் பெருக்கிப் பாருங்கள்: 247.991. கிட்டத்தட்ட 248. ஆகவே 248 நாளுக்குச் சந்திரனின் நிலையைச் சொல்லும் 248 வாக்கியங்களை எழுத்துகளே எண்களைக் குறிக்கும்படி அமைத்து மனப்பாடம் செய்துவிட்டால், பிறகு சுற்றிச் சுற்றி அதையே பயன்படுத்தலாம். ஒரு சுற்றுக்கு வரும் பிழை சுமார் 13 நிமிடம். அதைத் திருத்தவும் அவர்களிடம் இன்னும் பெரிய சுற்றுகள் இருந்தன. தொடர்பின்னம் படிப்பிக்க இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. ஜோன் வாரன் 1825 இல் சென்னையில் வெளியிட்ட காலசங்கலித என்ற நூலில், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் சோவிகளை நிலத்தில் அடுக்கி, அட்டவணைகளை நினைவிலிருந்தே எடுத்து, சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டியதை எழுதிவைத்திருக்கிறார். கையில் கடதாசி இல்லை.

இதைச் சொல்லும்போது வட்டுக்கோட்டையைச் சொல்லாமல் விடமுடியாது. 1823 இல் அமெரிக்க மிஷனரிகள் அங்கே செமினரியைத் தொடங்கினார்கள். 1829 இல் ஒரு சந்திர கிரகணத்தை ஒட்டி அதன் அதிபர் டானியல் பூவர், அராலியைச் சேர்ந்த விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்போடு மோதினார். பூவரின் நேரமே பொருந்தியது என்று மிஷனரிமார் எழுதினார்கள். எழுதியவர்கள் யார் என்பதையும் மனதில் வைத்துக்கொள்வோம். எனக்கு முக்கியமாகப் படுவது வெற்றி தோல்வி அல்ல. ஒரு கிரகணம் எப்போது தொடங்கும் என்பதை ஊரே காத்திருந்து பார்க்கும் அளவுக்குக் கணிதம் அன்று பொதுச் சங்கதியாக இருந்தது. அந்தச் செமினரியிலிருந்து வந்த கறல் விசுவநாதபிள்ளை 1855 இல் தமிழில் வீசகணிதம் என்ற நூலை அச்சிட்டார். இரண்டு ஆண்டுகளில், 1857 இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவரும் வெளிவந்தார்கள். தமிழில் அட்சரகணிதம் எழுதியது அவருக்கு ஒரு தடையாக இருக்கவில்லை. தமிழ்மூலம் கணிதம் படித்தால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று அஞ்சும் பெற்றோருக்கு இதைச் சொல்லி வைக்கிறேன். அடுத்த தலைமுறையில் காரைநகர் ஆலன் ஆபிரகாம், யாழ்ப்பாணக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டே 1910 இன் ஹலி வால்வெள்ளியைக் கணித்தார்.

பிள்ளைகளுக்கு ஊக்கம் கொடுக்கும்போது நாம் வழக்கமாக இராமானுஜன் பெயரைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். மேதையின் கதை கேட்டுச் சாதாரணப் பிள்ளைக்கு மேலும் மனச்சோர்வுதான் வரும். சென்னையில் பி. கே. சீனிவாசன் என்ற பள்ளி ஆசிரியர் இதை வேறுவிதமாகச் செய்தார். 1993 இல் இராயபுரத்தில் இராமானுஜனுக்கு அருங்காட்சியகம் அமைத்தவர் அவர். கூடவே அதைப் பிள்ளைகள் கையால் எண் கோலங்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் கணிதக் கல்வி நிலையமாகவும் ஆக்கினார்.

நமக்கு நம் ஊர்க் கதையே இருக்கிறது. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்த சி. ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜில் பேராசிரியர் டிராக்கின் மாணவரானார். எலெக்ட்ரான் ஒளி வீசும்போது அதற்குத் திரும்பி விழும் தாக்கத்தைச் சொல்ல டிராக் ஒரு சமன்பாடு எழுதியிருந்தார். எலியேசர் அதை ஐதரசன் அணுவுக்குப் பிரயோகித்து 1943 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எலெக்ட்ரானை நேராகக் கருவை நோக்கி விட்டால், கவர்ச்சியால் அது போய் விழ வேண்டும். சமன்பாட்டின்படியோ அது கருவை அடையாமலே திரும்பி ஓடுகிறது. குருவின் சமன்பாடு வழியே போய், அது எங்கே முட்டுகிறது என்று சீடன் காட்டினான். பின்னாளில் அவர் முன்வைத்த மாற்றுச் சமன்பாட்டில் அவருடைய பெயர் இன்றும் இருக்கிறது. இலங்கை, மலாயா, மெல்பேர்ண் லா ட்ரோப் எனப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியராக இருந்தார். அதே பள்ளியில் படித்த அழகையா துரைராஜா, ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து 1963 இல் எழுதிய கட்டுரை, ஈரக் களிமண் நெரியும்போது சக்தி எங்கே செலவாகிறது என்று கணக்கிட்டது. மண்பொறியியலில் இன்றும் அதை விட்டுவிட்டு நடக்க முடியாது. துரைராஜா பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக யுத்தகாலத்தில் சைக்கிளில் வந்துபோனவர், நம்மில் பலர் பார்த்தவர். பிள்ளைக்கு இதைச் சொல்லும்போது பட்டங்களை அடுக்க வேண்டாம். களிமண்ணையும் எலெக்ட்ரானையும் சொல்லுங்கள்.

ஆனாலும் நம்முடைய வீடுகளில் கணிதம் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபோது தமிழ்மூல மாணவர் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் கூடுதல் புள்ளி எடுக்கவேண்டியதாயிற்று. அந்த வடு ஆழமானது. அதன் பின் முறைகள் மாறின. இன்று இசட் புள்ளியும், திறமைக்கு 40, மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்ற பங்கீடும். ஆனால் இணைந்த கணிதம் என்றால் பொறியியல் பீடம், அது கிடைக்காவிட்டால் தோல்வி என்ற மனநிலை மட்டும் மாறவில்லை. கணிதத்தைப் படலையாக்கிவிட்டோம். உள்ளே போனவர் பொறியியலாளர், வெளியே நின்றவர் கணக்கு வராதவர்.

அந்தப் படலைக்கு வெளியேயும் கணித வழிகள் உண்டு. தியத்தலாவையில் நில அளவை, படமாக்கல் நிறுவகம் இருக்கிறது. சபரகமுவப் பல்கலைக்கழகத்தில் நில அளவைப் பட்டம் படிக்கலாம். காணிப் பிணக்குகள் மலிந்த நம் மாவட்டத்தில் நில அளவையாளருக்கு வேலை இல்லாத நாள் கிடையாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குப் பக்கத்திலேயே 2016 முதல் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் நடக்கிறது. கடைசல் இயந்திரத்தில் ஒரு இரும்புத் தண்டைக் கூம்பாகக் கடைய வேண்டுமானால், இரு விட்டங்களின் வித்தியாசத்தில் பாதியை நீளத்தால் வகுத்து, அதைத் தான்சனாகக் கொண்ட கோணத்தைப் பார்த்து இயந்திரத்தைத் திருப்ப வேண்டும். சாதாரண தரத்தில் 40 புள்ளி எடுத்த பிள்ளை அந்தக் கோணத்தைச் சரியாக எடுத்தால் அது கணித வெற்றிதான். காப்புறுதிக் கணிப்பு, புள்ளிவிபரம், மென்பொருள் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, உங்கள் கைபேசியே சொல்லும்.

தொழில் வழிகாட்டல் என்று பாடசாலைகளில் இப்போது நடப்பது பெரும்பாலும் பெரியவர் ஒருவர் வந்து, நன்றாகப் படியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது. நான் நடைமுறையில் பார்த்து நம்பும் ஒழுங்கு வேறு. ஒரு பாடவேளைக்கு ஒரு ஆளை அழையுங்கள்: நில அளவையாளர், மேசன், வங்கி உத்தியோகத்தர், தாதி, மீன்பிடிப் படகு வைத்திருப்பவர். அவர்களிடம் அறிவுரை கேட்கவேண்டாம். கடந்த கிழமை வேலையில் செய்த ஒரு கணக்கை அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள். தாதி ஒரு மருந்தின் அளவை நிறைக்கு ஏற்பக் கணித்த விதத்தைக் கரும்பலகையில் எழுதட்டும். பிள்ளைகள் அதைச் சரிபார்க்கட்டும். பிழை இருந்தால் சொல்லட்டும். வந்தவர் சங்கடப்பட்டால் சிரித்துக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்லும் கதையை எந்தச் சுவரொட்டியும் சொல்லமுடியாது.

இந்த நினைவுப் பேருரையை நடத்தும் அறக்கட்டளைக் குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் உயர்தர இணைந்த கணிதத்தில் அதிகூடிய புள்ளி பெறுபவருக்குப் பரிசு கொடுக்கிறீர்கள். அது தொடரட்டும். அந்தப் பிள்ளைக்கு எப்படியும் ஆதரவு கிடைக்கும். அதே தொகையில் ஒரு பாதியை, தரம் 9 இல் முதலாம் தவணைக்கும் மூன்றாம் தவணைக்கும் இடையே கணிதத்தில் கூடுதலாக முன்னேறிய பிள்ளைக்கு ஒதுக்குங்கள். அத்துடன், பெயர் அழித்த நூறு காணி உறுதிகளின் பிரதிகளையும் நூறு பழைய பஞ்சாங்கங்களையும் ஒரு பெட்டியில் இட்டுக் கோட்டத்தின் பாடசாலைகளுக்குச் சுற்றுக்கு விடலாம். உறுதிப் பிரதிகளை நான் தருகிறேன். பஞ்சாங்கத்துக்கு இந்த மண்டபத்தில் இருப்பவர்களே போதும், பழைய ஆண்டுப் பஞ்சாங்கத்தை வீட்டில் யாரும் எறிவதில்லை. இந்தத் தவணை முடியுமுன் பெட்டியை முதற் பாடசாலைக்கு அனுப்பலாம் என்று அதிபர் அவர்களிடம் ஏற்கெனவே பேசியிருக்கிறேன்.