உள்ளங்கையில் ஒரு கணிப்பொறி



புதிதாக ஒன்றைச் செய்து, அது முதன்முறையாக இயங்கக் காணும்போது உள்ளம் துள்ளுவது இயல்பு. காகிதத்தில் காற்றாடி செய்து ஓடும் சிறுவனுக்கும் அத்துள்ளல் உண்டு. ஆய்வுக்கூடத்தில் ஆண்டுக்கணக்காக உழைக்கும் அறிஞருக்கும் உண்டு. அத்தகைய மகிழ்ச்சி ஒன்றைப் பற்றியும், அதன்பின் நான் கற்றுக்கொண்ட பாடத்தைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

1998-ஆம் ஆண்டில் பெங்களூரில் ஒரு கருத்தரங்கு கூடிற்று. வளரும் நாடுகளுக்குக் கணிப்பொறி எவ்வாறு பயன்படும் என்னும் வினா அங்கே எழுந்தது. அவ்வினாவிலிருந்து பிறந்த எண்ணமே சிம்பியூட்டர். எளிமை, மலிவு, பன்மொழித் திறன் என்னும் பண்புகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களிலிருந்து அப்பெயரை அமைத்தனர். இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த வினய் தேஷ்பாண்டே முதலியோரும் கூடி, 1999-இல் இதற்கென ஓர் அறக்கட்டளையை நிறுவினர். 9,000 ரூபாய் அளவிலான விலையில், கையில் அடங்கும் கணிப்பொறி ஒன்றைச் செய்வது அவர்கள் நோக்கம்.

அது யாருக்காக? எழுத்தறியாத உழவருக்காக, ஆங்கிலம் அறியாத சிற்றூர் மக்களுக்காக. ஆகவே அக்கருவிக்கு விசைப்பலகை வைக்கவில்லை. திரையில் தோன்றும் படங்களைச் சிறு கோல் கொண்டு தொட்டால் போதும். எழுத்தில் உள்ளதை இந்திய மொழிகளில் வாய்விட்டுச் சொல்லும் திறனையும் அதற்கு அளிக்க முயன்றனர். ஏழை ஒருவர் 9,000 ரூபாய்க்கு எங்கே போவார் என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். அதற்கும் அவர்கள் வழி கண்டனர். கருவி ஊருக்குப் பொதுவாய் இருக்கும். ஒவ்வொருவரும் தத்தம் குறிப்புகளைத் தாங்கிய சில்லு அட்டை ஒன்றை மட்டும் வைத்திருப்பார். அதைக் கருவியில் செருகினால் அவ்வேளைக்கு அது அவருடைய கணிப்பொறியாகிவிடும்.

இத்தகைய கருவியின் முதல் மின்சுற்றுப் பலகை உயிர் பெறும் வேளையை எண்ணிப் பாருங்கள். வரைபடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆயினும் பலகையில் ஓர் இணைப்பு விட்டுப்போயிருக்கலாம். மின்னழுத்தம் ஓரிடத்தில் பிசகியிருக்கலாம். மின்சாரம் பாய்ந்ததும் புகை எழாதிருந்தாலே முதல் ஆறுதல். அடுத்து, காலத்துடிப்பு எழுகிறதா என்று பார்ப்பார்கள். சிம்பியூட்டரின் மூளையாகிய சில்லு வினாடிக்கு 20 கோடியே 60 லட்சம் முறை துடிப்பது. பின்னர் நினைவகம் விடை தர வேண்டும். இறுதியாக, 320-க்கு 240 என்ற கணக்கில் அமைந்த 76,800 புள்ளிகளைக் கொண்ட சிறு திரையில் எழுத்துகள் தோன்ற வேண்டும். அவை தோன்றும்போது, இரவு பகலாக உழைத்தவர் கண்களுக்கு வேறென்ன விருந்து வேண்டும்?

2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள், சிம்பியூட்டரின் முன்மாதிரி பெங்களூரில் மக்கள் பார்வைக்கு வந்தது. கடல் கடந்த நாடுகளின் இதழ்களும் அதைப் புகழ்ந்து எழுதின. அச்செய்தியைப் படித்த நாளில் நானும் கண்டாரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். இன்னும் இரண்டே ஆண்டுகளில் ஊர்தோறும் இக்கருவி வந்துவிடும் என்று உறுதியாக நம்பினேன்.

என் கணக்குத் தவறிற்று. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் துணையுடன் அக்கருவி விற்பனைக்கு வர 2004-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆயிற்று. அமிடா என்ற பெயரில் வந்த அதன் விலை ஏறத்தாழ 10,000 ரூபாயில் தொடங்கிற்று. சில ஆயிரங்களே விற்றன. பெருந்தொகையாகச் செய்தால்தான் விலை குறையும். விலை குறைந்தால்தான் பெருந்தொகையாக விற்கும். இந்தச் சுழலிலிருந்து அதனால் மீள இயலவில்லை. அதற்குள் கைப்பேசியின் விலையோ விரைந்து இறங்கிவிட்டது.

இங்கே நம் புதுவையில் நடந்த ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பது பொருந்தும். நான் பேசிக்கொண்டிருக்கும் கோரிமேட்டிலிருந்து சில மைல் தொலைவில் வில்லியனூர் இருக்கிறது. அதே 1998-ஆம் ஆண்டில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வூரை நடுவமாகக் கொண்டு கிராம அறிவு மையங்களைத் தொடங்கிற்று. புதிய கருவி எதையும் அவர்கள் படைக்கவில்லை. கடையில் கிடைக்கும் கணிப்பொறிகளையே கம்பியில்லாத் தொடர்பால் இணைத்தனர். ஆனால் ஊராருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டனர். வீராம்பட்டினத்து மீனவர் கடலின் நிலையை அறிய விரும்பினர். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலைகளின் உயரத்தைப் பற்றிய முன்னறிவிப்பைப் பெற்று, ஒலிபெருக்கி வழியே தமிழில் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அச்செய்தி எட்டிற்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கை நல்லவாடு கிராமத்தில் இத்தகைய ஒலிபெருக்கி மூலமே பரவிற்று. ஊரார் உயிர் தப்பினர்.

இவ்விரண்டையும் சேர்த்து எண்ணும்போதுதான் எனக்கு ஓர் உண்மை புலனாயிற்று. முன்மாதிரி இயங்கும்போது, ‘இது செய்யக்கூடியதே’ என்பது மெய்ப்படுகிறது. ‘இது வேண்டியதே’ என்பது, அதைப் பயன்படுத்துவோர் கையில்தான் மெய்ப்பட வேண்டும். முதலாவது தேர்வில் வென்ற களிப்பில், இரண்டாவது தேர்வும் முடிந்துவிட்டதாக நான் எண்ணிவிட்டேன்.

ஆயினும் அக்களிப்பு வீணென்று நான் சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் எவர்தாம் இத்தகைய பணியில் இறங்குவார்? கருவியின் வரைபடங்களைப் பிறரும் கண்டு கற்குமாறு அவ்வறிஞர்கள் வெளியிட்டனர். இன்று உங்கள் கைப்பேசியைத் தொட்டால் அது தமிழில் பேசுகிறது. சாய்த்தால் படமும் உடன் திரும்புகிறது. அசைவை உணரும் அந்தத் திறன் 2004-இலேயே அமிடாவில் இருந்தது.

உங்களுள் சிலர் இந்நேரம் பள்ளியிலோ கல்லூரியிலோ சிறு கருவி ஒன்றைச் செய்துகொண்டிருக்கலாம். அதன் விளக்கு முதன்முறை எரியும்போது மனமாரத் துள்ளுங்கள். நண்பரை அழைத்துக் காட்டுங்கள். மறுநாள் காலை, அது யாருக்காகச் செய்யப்பட்டதோ அவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அவர் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் வாய் பேசாமல் பாருங்கள். அவர் எங்கே தயங்குகிறார் என்பதைக் குறித்துக்கொண்டு திரும்புங்கள். உங்கள் அடுத்த முன்மாதிரி அந்தக் குறிப்பிலிருந்து தொடங்கட்டும்.