தென்மேற்குக் காற்றில் ஒரு தூண்டில்



அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பஸர்ட்ஸ் பே என்றொரு வளைகுடா இருக்கிறது. கோடையில் அங்கே விடிகாலைக் கடல் பெரும்பாலும் சலனமில்லாமல் கிடக்கும். வெயில் ஏறியதும் நிலம் சூடாகி, அதன் மேலுள்ள காற்று எழும்பும். அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று பாயும். பிற்பகலில் தென்மேற்கிலிருந்து மணிக்கு 15, 20 கடல் மைல் வேகத்தில் வீசுவது அங்கே வாடிக்கை.

அந்தக் காற்றிலும் ஸ்ட்ரைப்டு பாஸ் மீனைத் தேடி, ஃப்ளை தூண்டிலோடு கரைக்கு வருகிறவர்கள் உண்டு.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துப் போகும். ஃப்ளை என்பதோ இறகும் ரோமமும் கட்டிய போலி இரை. அதற்குக் கனம் மிகக் குறைவு. தடித்த கயிறுதான் அதைச் சுமந்து பறக்க வேண்டும். கடலில் புழங்கும் 9ஆம் எண் கயிற்றின் முதல் 30 அடி சுமார் 15.5 கிராம். வீசும்போது கயிறு வளையமாகச் சுருண்டு விரிகிறது. வளையம் அகன்றால் காற்று தள்ளிவிடும்; ஒடுங்கினால் காற்றைக் கிழித்துப் போகும். அதனால்தான் பின்வீச்சில் ஒருமுறை, முன்வீச்சில் ஒருமுறை என இடக்கையால் கயிற்றைச் சட்டென இழுத்து வேகம் கூட்டுகிறார்கள். 'டபுள் ஹால்' என்பது இதுதான்.

எதிர்க்காற்றில் பின்வீச்சை உயர்த்தி, முன்வீச்சைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்த வேண்டும். வலக்கைக்காரருக்கு வலப்புறக் காற்றுதான் ஆபத்து: முள் காதிலோ கன்னத்திலோ ஏறிவிடும். கைதேர்ந்தவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்வீச்சிலேயே கயிற்றைக் கடல் பக்கம் விட்டுவிடுவார்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டிய கூரைக் குறட்டால் நசுக்கிவிட்டால், தவறிக் குத்தினாலும் எளிதில் கழற்றலாம். இழுத்த கயிறு காற்றில் பறந்து காலைச் சுற்றாமலிருக்க இடுப்பில் ஒரு கூடை.

இறகுகள் முள்ளில் சிக்கிக்கொள்வது இன்னொரு தொல்லை. மேரிலாந்துக்காரரான லெஃப்டி கிரே, வீச்சில் சிக்காதபடி இறகுகளைக் கட்டி 'டிசீவர்' என்ற ஃப்ளையை உருவாக்கினார். 1991இல் அமெரிக்க அஞ்சல்துறை அதற்குத் தபால்தலையே வெளியிட்டது.

இத்தனை பாடும் எதற்கு? கரையை நோக்கி அடிக்கும் காற்று சிறு மீன்களையும் கரையோரம் ஒதுக்குகிறது. அலை நுரைத்து நீர் கலங்குவதால் பெரிய மீன் கூச்சமின்றி நெருங்கி வருகிறது. அப்போது 80 அடி எறியத் தேவையில்லை. நேராக விழும் 40 அடி வீச்சு போதும். புதிதாகப் பழகுகிறவர் முதலில் கற்க வேண்டியது இந்தக் குறுகிய வீச்சைத்தான்.

கோடையில் வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவு. நெடுநேரம் போராடிய மீன் விடுவித்த பிறகும் பிழைக்காமல் போகலாம். ஆகவே வலுவான கோலால் விரைவாகக் கரை சேர்த்து, தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விடுகிறார்கள். 2023இல் வந்த கட்டுப்பாட்டின்படி, 28 அங்குலத்துக்குக் குறைந்ததையும் 31 அங்குலத்தைத் தாண்டியதையும் எப்படியும் கடலில் விட்டாக வேண்டும்.