கசடு கரியாகும் கதை
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



சென்னையில அடையாறு பக்கத்துக் கழிவுநீர் குழாய் வழியா பெருங்குடி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகுது. அங்கே அடியில் தங்குவதுதான் கசடு. அதை மூடிய தொட்டியில் நொதிக்கவிட்டு, வரும் வாயுவில் கரண்ட் எடுக்கிறார்கள். நம்ம சாண எரிவாயு மாதிரிதான். மிச்சக் கசடு பார்க்க ஏரி வண்டல் போல இருக்கும். நாம அதில் ஏமாந்துடக் கூடாது. குடற்புழு முட்டை அதில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும்.

தெலங்கானா வாரங்கலில் 2017-ல் அமைத்த நிலையத்தில், செப்டிக் டேங்க் கசடைக் காயவைத்து, காற்றுப் படாமல் சூடாக்கிக் கரியாக்கினார்கள். வேலிக்கருவை மூட்டம் போடுறோமே, அதே கணக்கு. அந்தச் சூட்டில் கிருமி, புழு முட்டை எல்லாம் செத்துவிடும். மணிச்சத்து தங்கும், தழைச்சத்து பெரும்பாலும் போய்விடும். அதனால் தொழு உரத்தோடு கலந்துதான் போடணும். அடுப்புக்கு ஆகுமா என்றால், எரியும். ஆனா விறகுக்கரியைவிடச் சாம்பல் அதிகம், சூடு குறைவு.

ஒரு சங்கதி முக்கியம். பட்டறைத் தண்ணீர் கலந்த நகரக் கசடில் ஈயம் மாதிரி உலோகம் இருக்கலாம். சுட்டாலும் அது போகாது. எடை குறையக் குறையச் செறிவுதான் கூடும். ஆகவே யாராவது இலவச எரு என்று லாரியில் கொண்டு வந்தால், இறக்கும் முன்னே ஆய்வகப் பரிசோதனைச் சீட்டை நம்ம குழுத் தலைவி கேட்டு வாங்கட்டும்.