சாயா எடுத்தாள், நீல் பிடிபட்டான்

இளையோருக்கு எழுதப்படும் கற்பனை நாவல்களில் இப்போது கள்ளிகளின் காலம். பூட்டைத் திறப்பாள், மதில் தாண்டுவாள், இடுப்பில் கத்தி செருகியிருப்பாள். நூறு பக்கம் போனதும் பார்த்தால், அவள் சின்ன வயதில் தொலைந்துபோன இளவரசியாம். விரல் நுனியில் மந்திரசக்தியும் இருக்கிறதாம். எனக்கு இந்தக் கதைகளில் பொறுமை போய்விட்டது. இளவரசி தன் சொந்த அரண்மனையில் எடுத்தால் அது என்ன களவு? கள்ளி என்றால் பிறர் பொருளில் கைவைத்தவள். அதனால் யாராவது ஒருவர் அழவேண்டி வரும். யார் அழுதார்கள் என்று கதை சொல்லவேண்டும்.

அப்படிச் சொன்ன ஒரு நாவலைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன். எழுதியவர் கொழும்பில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் நிஸ்ரானா பாரூக். 2020இல் ஆங்கிலத்தில் வந்தது. பெயரை 'யானையைத் திருடிய சிறுமி' என்று தமிழில் சொல்லலாம். கதை நடப்பது செரண்டிப் என்ற கற்பனை இராச்சியத்தில். ஆனால் அந்தக் காடும் அட்டையும் வெயிலும் நம்முடையவை.

சாயா என்ற சிறுமி, ஊரில் ஓர் ஏழைப் பிள்ளையின் வைத்தியச் செலவுக்காக அரசியின் நகைகளைத் திருடுகிறாள். மந்திரம் இல்லை. கைச்சுறுக்கு இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது, கொஞ்சம் அவசரப்புத்தியும் இருக்கிறது. அவள் தப்பிவிடுகிறாள். பழியோ அவளுடைய கூட்டாளி நீலின் தலையில் விழுகிறது. அவனைப் பிடித்துச் சிறையில் போடுகிறார்கள்.

நேயர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். எடுத்தது சாயா. பிடிபட்டது நீல்.

யாழ்ப்பாணத்தில், குருநகர் மாடிக் குடியிருப்புக்குப் பக்கத்தில், சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிவருகிறேன். புத்தகம் ஆங்கிலத்தில் கையில் இருக்கும், வாயில் தமிழ். நகை திருடுகிற கட்டத்தில் பெடியள் எல்லாரும் கைதட்டினார்கள். நீல் பிடிபட்டதும் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், இவள் போய் 'நான்தான் எடுத்தனான்' எண்டு சொன்னால் அவனை விடுவாங்களோ, இல்லாட்டி ரெண்டு பேரையும் பிடிப்பாங்களோ?"

இந்தக் கேள்வி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் மீன்பிடிக் கரையில் ஒருவருடைய வலை காணாமற்போனால், முதலில் பார்வை விழுவது பக்கத்து மீன்வாடிக்காரர் மேல். எடுத்தவன் எங்கேயோ இருப்பான். சந்தேகத்தைச் சுமந்துகொண்டு அதே கரையில் தொழிலுக்குப் போகிறவர் வேறொருவர். அவருடைய பிள்ளையும் பள்ளிக்கூடத்தில் அதைச் சுமக்கும். கடற்கரைப் பிள்ளைகளுக்கு இது புதிதில்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இது புதிதில்லைத்தானே? அரசியின் நகை ஒன்று களவு போகிறது; களவு செய்யாத ஒருவன் அகப்படுகிறான். சிலப்பதிகாரம்! பாண்டிமாதேவியின் சிலம்பை எடுத்தவன் பொற்கொல்லன். வெட்டுண்டவன் கோவலன். அரசன் விசாரிக்கவே இல்லை. கண்ணகி வந்து நியாயம் கேட்கும்போது கோவலன் உயிரோடில்லை. அங்கே நிரபராதிக்காகப் பேசியவள் அவன் மனைவி. அந்தப் பொற்கொல்லனுக்கு ஒரு கணமாவது நெஞ்சு உறுத்தியதா? நமக்குக் காட்டப்படவில்லை. பாரூக்கின் நாவலில் உறுத்துவது எடுத்தவளுக்கே. நிரபராதியை மீட்கப் போகிறவளும் எடுத்தவளே. சிறையை உடைத்து நீலைக் கொண்டுவருகிறாள். அரசனுடைய யானையிலேயே ஏறிக் காட்டுக்குள் ஓடுகிறார்கள். ஆனந்தா என்பது அந்த யானையின் பெயர். நூர் என்ற வசதியான வீட்டுப் பிள்ளையும் ஒட்டிக்கொள்கிறாள்.

நகைக் களவு ஊர்ப் பிள்ளைக்காக. யானைக் களவு நீலுக்காக. எனக்கு இரண்டாவது களவுதான் பெரிது. முதல் களவில் சாயாவுக்குத் தன் கெட்டித்தனத்தில் ஒரு பெருமிதம் இருக்கிறது. இரண்டாவதில் அது இல்லை; அவனை வெளியே எடுக்கவேண்டும், அவ்வளவுதான். இந்த மாற்றத்தை ஆசிரியர் பிரசங்கம் வைத்து விளக்காமல், பிள்ளைகளை ஓடவிட்டே காட்டிவிடுகிறார். திரும்பவும் சொல்கிறேன்: எடுத்தது சாயா, பிடிபட்டது நீல். நாவல் முழுவதும் இந்த அச்சில்தான் சுழல்கிறது.

சுவீடன் எழுத்தாளர் அஸ்திரிட் லின்ட்கிரன் 1981இல் எழுதிய ரோன்யாவின் கதையையும் அறிந்திருப்பீர்கள். கொள்ளைக்கூட்டத் தலைவனின் மகள். அருமையான நாவல், மறுக்கமாட்டேன். ஆனால் ரோன்யா கொள்ளைத் தொழிலே வேண்டாம் என்று விலகுகிறவள். அவள் கை சுத்தம். கறைபட்ட கையோடு நிற்கிற சாயாதான் என் பிள்ளை.

பிற்பாதியில், அரசனுக்கு எதிரான கலகம் வந்ததும் கதை அவசரப்படுகிறது. இன்னும் ஐம்பது பக்கம் எழுதியிருக்கலாம். போகட்டும்.

ஒரு தாய் என்னிடம் வந்து, "களவெடுக்கிற கதையை ஏன் ரீச்சர் பிள்ளையளுக்குச் சொல்லுறியள்?" என்று கேட்டார். ஒவ்வொரு தவக்காலத்திலும் நம் பிள்ளைகள் இயேசுவின் பாடுகளின் நாடகம் பார்க்கிறார்கள். சிலுவையில் வலப்பக்கத்தில் தொங்குகிற கள்ளனுக்குக் கண்ணீர் விடாத பிள்ளை குருநகரில் உண்டா? அதைத்தான் அவருக்குச் சொன்னேன். அடுத்த கிழமை அவரும் வந்து பின்னால் இருந்து கேட்டார்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த நாவலை எடுத்து, உங்கள் வகுப்புக்கு உங்கள் பேச்சுத் தமிழிலேயே சொல்லுங்கள். நீல் பிடிபடுகிற இடத்தோடு அன்றைய பாடத்தை நிறுத்திவிடுங்கள். சாயா இனி என்ன செய்யவேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வரட்டும். மிச்சக் கதையை அதற்குப் பிறகு தொடங்குங்கள்.