மேட்டூர் நிலவரமும் பிரஷர் மாத்திரையும்

ரத்த அழுத்த மருந்துகளைப் பற்றி எட்டு நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நாமக்கல் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், மருந்துச் சன்னலுக்கு உள்பக்கம் 31 வருஷம் நின்றவன் நான். எனக்கு எட்டு நிமிடம் எந்த மூலைக்கு? அதனால் வகை வகையாக மருந்துகளை ஒப்பிக்கப் போவதில்லை. ஒரே ஒரு மாத்திரை, அம்லோடிபின். உங்கள் வீட்டு அலமாரியிலும் ஓர் அட்டை இருக்கலாம். அதில் இருக்கும் மருந்து 5 மில்லிகிராம். ஒரு அரிசிமணியின் எடைகூடத் தேறாது. அது உள்ளே போய் என்ன ஆகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒருநாள் ஒரு லாரி டிரைவர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு குஜராத் போய்த் திரும்பியவர். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றார். டாக்டர் பார்த்தபோது அழுத்தம் 180-க்கு 110. என்னப்பா, மாத்திரை போடலையா என்றேன்.

“அட்டை தீந்துபோச்சுங்க சார். ஆனா ஒண்ணும் பண்ணலீங்க. ரெண்டாம் நாள் சோலாப்பூர்ல ஒரு மெடிக்கல்ல பிரஷர் பார்த்தனுங்க. நல்லாத்தான் இருக்குதுன்னு சொன்னாங்க. அப்பறமென்னத்துக்குங்க மாத்திரைன்னு விட்டுப்போட்டேன்.”

அவர் பொய் சொல்லவில்லை, நேயர்களே. சோலாப்பூர் கடைக்காரரும் தப்பாகப் பார்க்கவில்லை. ஏமாற்றியது மாத்திரைதான். எப்படி என்று சொல்கிறேன்.

விழுங்கிய மாத்திரை வயிற்றில் கரைந்து, குடலில் உறிஞ்சப்பட்டு, நேராக உடம்பெல்லாம் பரவிவிடாது. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். நம் லாரிக்காரர்களுக்குச் சொல்வதென்றால், ஓமலூர் சுங்கச்சாவடி மாதிரி. தப்பிக்க வேறு வழி கிடையாது. சில மருந்துகளிடம் கல்லீரல் கறாராக வசூல் பண்ணிவிடும். புரோப்ரனலால் என்று பழைய மருந்து ஒன்று. உள்ளே போனதில் சுமார் கால் பங்குதான் சாவடியைத் தாண்டும். அம்லோடிபினுக்கு அந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. 100-க்கு 64 முதல் 90 பங்கு வரை உடம்புக்குள் போய்ச் சேரும். சேர்ந்து, நுண்ணிய தமனிகளின் சுவரிலுள்ள தசைக்குள் கால்சியம் நுழையும் வாசலை அடைக்கும். கால்சியம் குறைந்தால் தசை தளரும், குழாய் விரியும், அழுத்தம் இறங்கும். ரத்தம் ஓடும்போது கல்லீரலுக்குத் திரும்பத் திரும்ப வரத்தானே வேண்டும்? ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைச் செயலற்றதாக்கும் வேலை அங்கே நடக்கிறது. அப்படி மாறியதைச் சிறுநீரகம் வெளியேற்றும். 100-க்கு 10 பங்குதான் உருமாறாமல் சிறுநீரில் போகும்.

இனி எனக்குப் பிடித்த இடம். வானொலியில் மேட்டூர் நிலவரம் கேட்டிருப்பீர்கள்: நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை. 120 அடி அணையைப் பற்றி இந்த மூன்று கணக்கும் தெரிந்தால் மீதியை நம் விவசாயி தானே சொல்லிவிடுவார். மருந்துக்கும் இதே மூன்று கணக்குதான். நீங்கள் தினம் போடும் மாத்திரை வரத்து. கல்லீரல் அழிப்பது வெளியேற்றம். ரத்தத்தில் நிற்பது நீர்மட்டம்.

அம்லோடிபினுக்கு மதகு சின்னது. ரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய 35 முதல் 50 மணி நேரம் ஆகும். இன்றைக்குப் போட்டதில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே நாளைக்கு அடுத்த மாத்திரை வந்து சேர்கிறது. மட்டம் ஏறுகிறது. மட்டம் ஏற ஏற மதகில் விசையும் கூடுகிறது. ஏழெட்டு நாளில் வரத்தும் வெளியேற்றமும் சமமாகிவிடும். அந்த நிலையில் உடம்புக்குள் கிட்டத்தட்ட மூன்று மாத்திரை அளவு மருந்து நிற்கும். நான் சும்மா சொல்லவில்லை, 40 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு பென்சிலும் தாளும் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

டிரைவர் விஷயம் இப்போது விளங்கியிருக்கும். வரத்து நின்ற அன்றைக்கே அணை வறண்டுவிடுமா? இரண்டாம் நாள் சோலாப்பூரில் அவருக்குள் பாதிக்குச் சற்றே குறைவான மருந்து இருந்தது. கருவியில் தெரிந்த நல்ல எண் அந்த மிச்சம் காட்டிய எண். பத்தாம் நாள் சேறுதான் மிச்சம். மருந்தை நிறுத்தியும் நன்றாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால், எத்தனை நாள் கழித்துப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

இதற்கு நேர்மாறும் உண்டு. அட்டினலால் என்ற இன்னொரு பிரஷர் மருந்து 6, 7 மணி நேரத்திலேயே பாதியாகிவிடும்; அதை வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகம். அதைச் சட்டென்று நிறுத்தினால் இதய நோயுள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே வரலாம். டாக்டரைக் கேட்டுத்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ராசிபுரம் பக்கத்து ஆத்தா ஒருவரைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. குச்சிக்கிழங்குக் காட்டில் வேலை. “தல கிறுகிறுங்கறப்ப ஒண்ணு போட்டுக்கறன் சாமி” என்பார். ஆத்தா, இது தலைவலித் தைலமா, வலிக்கிற அன்றைக்குத் தடவிக்கொள்ள? அம்லோடிபின் போட்டு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் ரத்தத்தில் உச்சத்துக்கே வரும். கிறுகிறுப்பு அதற்குள் தானாகவே போயிருக்கும், புகழ் மாத்திரைக்கு! ஒழுங்காகப் போடத் தொடங்கியதும் அவருக்குக் கணுக்கால் வீங்கியது. மாத்திரை கிட்னியைத் தின்னுபோடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்திவிட்டார்கள். அது கிட்னி சமாசாரம் இல்லை. குழாய் விரிந்ததால் கால் பக்கம் நீர் கசிகிறது, அவ்வளவுதான். டாக்டர் வேறு மருந்து மாற்றினார், வீக்கம் வடிந்தது. கிட்னிக்கு நிஜமாகவே பயப்பட வேண்டியது, மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரைக்கு. அது பிரஷரையும் ஏற்றிவிடும்.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. ஆனால் லாரிக்குள் ஏறி வந்து யாரும் தர மாட்டார்கள். டிரைவர் தம்பிகளே, பதினைந்து நாள் டிரிப் என்றால் இருபது மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னி இல்லாமல் வண்டி எடுப்பீர்களா? வெயில் காயும் டேஷ்போர்டில் போடாமல் பைக்குள் வையுங்கள். அம்லோடிபின் ஒரு வேளை மறந்தால், நினைவு வந்ததும் போடுங்கள்; பன்னிரண்டு மணி நேரம் தாண்டிவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்த வேளைக்கு வழக்கம்போல ஒன்று. இரண்டாகச் சேர்த்து விழுங்க வேண்டாம். ஊர் திரும்பியதும் காலி அட்டையோடு மருந்துச் சன்னலுக்கு வாருங்கள்.